சார்ஜ் என்னும் சுமை: மொழிபெயர்ப்பு மேசையில் கற்றவை

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கும் சொல் எது என்ற கேள்விக்கு அகராதிக்காரர்கள் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு உரியது; அதன் பிறகு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்தி, வினையாக மட்டுமே 645 பொருள்களோடு முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் முதலில் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையிலும், பின்னர் வழக்குரைஞர்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுக்கும் தொழிலிலும் காலத்தைக் கழித்த எனக்கு, அந்த இரண்டு சொற்களும் பெரிய தொல்லை எதையும் தந்ததில்லை. ஓடுவதா, நடத்துவதா, வடிவதா என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொற்களே காட்டிக் கொடுத்துவிடும். தொல்லை தந்தது ‘சார்ஜ்’ என்னும் சொல்தான். அது தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதே அதற்குக் காரணம்; தெரிந்த சொல்லுக்காக யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

கைப்பேசிக்குச் சார்ஜ் போடுகிறோம். ஆட்டோவில் ஏறுமுன் மினிமம் சார்ஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். புதிய தாசில்தார் நேற்று சார்ஜ் எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறோம். ஊர்வலத்தில் லத்தி சார்ஜ் நடந்தது என்கிறோம். வழக்கில் சார்ஜ் ஷீட் போட்டுவிட்டார்கள் என்கிறோம். அரசு ஊழியர் இருக்கும் வீடாக இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான ‘செவன்டீன் பி சார்ஜ் மெமோ’ என்ற பெயரைக் கேட்டதும் வீடே கலங்கிப் போகிறது. இவை அனைத்தும் ஒரே சொல்தான் என்ற நினைவே நமக்கு வருவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய சூழலோடு ஒட்டிக்கொண்டு தனித்தனிச் சொல்லாகவே தமிழில் வாழ்கிறது. ஆங்கில மூலத்தின் முன் உட்காரும்போதுதான் இந்தச் சூழல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

செய்தி மேசையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் ஒருமுறை லண்டன் செய்தி ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். போராட்டத்தில் பிடிபட்டவர்களைப் பற்றிய அந்தச் செய்தியில் ‘ரிலீஸ்டு வித்தவுட் சார்ஜ்’ என்று இருந்ததை அவர் ‘கட்டணமின்றி விடுவிக்கப்பட்டனர்’ என்று எழுதியிருந்தார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. அதனாலேயே மெய்ப்புப் பார்த்தவரின் கண்ணிலும் அது படவில்லை. காவல் நிலையத்திலிருந்து வெளியே வரப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது நம் ஊர் வாசகருக்கு உண்மையிலேயே ஒரு செய்தியாகத் தோன்றக்கூடும் என்பது வேறு விஷயம். ‘குற்றச்சாட்டு ஏதும் பதியப்படாமல் விடுவிக்கப்பட்டனர்’ என்று திருத்திய பிறகு அவர் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது: “ஐயா, எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? இருபது பொருளையும் மனப்பாடம் செய்தாக வேண்டுமா?”

மனப்பாடம் தேவையில்லை என்பது என் கருத்து. இந்தச் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டால் கிளைகள் பெரும்பாலும் தாமாகவே கைக்கு வந்துவிடும். இலத்தீனில் ‘கார்ருஸ்’ என்பது பாரம் ஏற்றும் வண்டி. அதிலிருந்து ‘கார்ரிகாரே’, அதாவது வண்டியில் பாரம் ஏற்றுதல் என்னும் வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. ‘கார்’, ‘கேரி’, கப்பல் சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’ எல்லாம் இதே குடும்பம். ஒருவருடைய மூக்கையோ காதையோ அளவுக்கு மீறிப் ‘பாரமேற்றி’ வரையும் கேலிச்சித்திரத்துக்குரிய ‘கேரிகேச்சர்’ என்ற சொல்லும் இத்தாலிய வழியாக வந்த உறவுதான். ஆகவே சார்ஜ் என்பதன் அடிப்படைப் பொருள் சுமை ஏற்றுதல். வண்டியில் ஏற்றினால் சரக்கு. துப்பாக்கியில் ஏற்றினால் வெடிமருந்து. ஒருவர் தலையில் கடமையை ஏற்றினால் பொறுப்பு. குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு. பணத்தை ஏற்றினால் கட்டணம். 1740களின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சார ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தபோது மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிக் குடுவைகளான லேடன் ஜாடிகளில் அதை நிரப்புவதற்கும் இந்தச் சொல்லே பயன்பட்டது. அந்த ஜாடிகளின் வரிசைக்கு அவர் கொடுத்த ‘பேட்டரி’ என்ற பெயரும் பீரங்கி வரிசையிலிருந்து எடுத்ததுதான்.

இதைச் சொல்லும்போது தமிழின் ஒரு வசதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாமும் இதே சுமைக் கணக்கில்தான் பேசுகிறோம். குற்றம் சுமத்துகிறோம், பழி சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பொறுப்பு ஏற்கிறோம், மின்னேற்றம் செய்கிறோம். பொறு என்னும் வினைக்கே தாங்குதல், சுமத்தல் என்ற பொருள் உண்டு. பழந்தமிழில் பொறை என்றால் பாரம். ஆங்கில அகராதியைப் பார்த்தே அறியாதவர்கள்கூடக் கைப்பேசியில் ‘சார்ஜ் ஏறுகிறது, சார்ஜ் இறங்கிவிட்டது’ என்கிறார்கள். வண்டிச் சரக்குக்கு உரிய வினைகளை அவர்களுடைய நாக்கு தானாகவே தேர்ந்துகொண்டிருக்கிறது. எனவே சார்ஜ் வரும் வாக்கியத்தில் நான் முதலில் பார்ப்பது மூன்றைத்தான்: ஏற்றுகிறவர் யார், ஏற்றப்படுவது எது, யார் மீது அல்லது எதன் மீது ஏறுகிறது. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும். ஆனால் எல்லா இடத்திலும் ‘சுமை’ என்றே எழுதிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. வேர் என்பது பொருளைக் கண்டுபிடிக்க உதவுவது. மொழிபெயர்ப்பில் அதை அப்படியே நட்டுவைத்தால் வாசகர் தடுக்கி விழுவார்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் முன்னிடைச்சொல், அதாவது ஆங்கிலத்தின் பிரிப்போசிஷன். நடைமுறையில் எனக்கு இதைவிடப் பயன்பட்ட வழி வேறு இல்லை. ‘ஃபார்’ வந்தால் பெரும்பாலும் பணம்: இன்ன சேவைக்கு இவ்வளவு. ‘டு’ வந்தால் கணக்கு: இந்தச் செலவை இன்னார் கணக்கில் எழுது. ‘அட்’ வந்தால் பாய்ச்சல்: யானை அவர்களை நோக்கிப் பாய்ந்தது. ‘ஆன்’ வந்தால் ஒரு சொத்தின் மீதோ நிதியின் மீதோ ஏறி நிற்கும் உரிமை அல்லது செலவு. ‘தட்’ என்று ஒரு முழு வாக்கியம் தொடர்ந்தால் அது நீதிமன்றத்தோடு தொடர்பில்லாத அரசியல் பேச்சு. எதிர்க்கட்சியினர் ‘சார்ஜ்டு தட்’ என்று வந்தால், அவர்கள் குற்றஞ்சாட்டினார்கள் அல்லது புகார் கூறினார்கள் என்பதோடு முடிந்தது, வழக்கு எதுவும் இல்லை.

சிக்கல் ‘வித்’ வரும்போதுதான். குற்றத்தைச் சுமத்துவதற்கும் கடமையைச் சுமத்துவதற்கும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. ‘சார்ஜ்டு வித் கண்டக்டிங் தி எலெக்‌ஷன்’ என்றால் அந்த அதிகாரியிடம் தேர்தலை நடத்தும் பணி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ‘சார்ஜ்டு வித் ரிக்கிங் தி எலெக்‌ஷன்’ என்றால் தேர்தலில் முறைகேடு செய்ததாக அவர் மீது வழக்கு. இரண்டின் வாக்கிய அமைப்பிலும் இம்மியளவு வேறுபாடு இல்லை. பின்னால் வரும் செயல் செய்யத்தக்கதா, செய்யக்கூடாததா என்பதை வைத்தே பொருளைத் தீர்மானிக்கிறோம். ‘ஊழலை விசாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட குழு’ என்று வரவேண்டிய இடத்தில் குழுவே ஊழல் குற்றச்சாட்டுக்கு உள்ளானதாக எழுதப்பட்ட படியைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்த்தவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். வாக்கியத்தில் ஊழல், சார்ஜ் என்ற இரண்டு சொற்களும் அருகருகே இருந்ததைக் கண்டதும் கண் அதற்கு மேல் நகரவில்லை.

நீதிமன்ற ஆவணங்களுக்கு வருவோம். இங்கே தவறினால் பின்விளைவு உண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சார்ஜ் ஷீட் என்று நாம் சொல்வது புலன் விசாரணையை முடித்துக் காவல் துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை. குற்றப்பத்திரிகை என்று தமிழில் நிலைத்துவிட்டது. சார்ஜ் என்பது அதற்குப் பிறகு, அந்த அறிக்கையையும் ஆவணங்களையும் பரிசீலித்து நீதிமன்றம் தானே உருவாக்குவது. நம் நீதிமன்றத் தமிழில் இதைக் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்பார்கள். பானை வனைவது போலக் குற்றச்சாட்டையும் வனைய வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி இது. வனையப்பட்ட குற்றச்சாட்டை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குப் படித்துக் காட்டி விளக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பார்கள். ஆக, குற்றப்பத்திரிகை தாக்கலான செய்தியில் ‘குற்றச்சாட்டு பதிவானது’ என்று எழுதுவது வழக்கை ஒரு கட்டம் முன்னால் தள்ளிவிடுவதாகும். தேதியும் இதில் முக்கியம். காவலில் இருக்கும் ஒருவர் மீது, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் இறுதி அறிக்கை தாக்கல் செய்யப்படவில்லையென்றால் அவருக்குப் பிணை பெறும் உரிமை வந்துவிடுகிறது. இரண்டு கட்டங்களையும் குழப்பி எழுதிய தமிழ்ப் படியை வைத்துக்கொண்டு கட்சிக்காரர் தம் வழக்குரைஞரோடு மல்லுக்கட்டுவதைத் தடுக்க வேண்டுமானால், ‘தாக்கல் செய்தது காவல் துறை’, ‘வனைந்தது நீதிமன்றம்’ என்று எழுவாயைத் தவறாமல் எழுதிவிட வேண்டும்.

இதே இடத்தில் ‘டிஸ்சார்ஜ்’ வந்து சேரும். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, மேல் நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கருதி எதிரியை வழக்கிலிருந்து விடுவிப்பது டிஸ்சார்ஜ். அமர்வு நீதிமன்ற வழக்குகளுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 227ஆம் பிரிவு இதற்குரியது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 250ஆம் பிரிவு. சாட்சிகளை விசாரித்து முடித்துக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளிப்பது ‘அக்விட்டல்’. முன்னதற்கு விடுவிப்பு என்றும் பின்னதற்கு விடுதலை என்றும் நான் எழுதுகிறேன். பிணையில் வெளிவருவதையும் விடுதலை என்று எழுதும் செய்தி வழக்கம் இருப்பதால், அதற்கு மட்டும் ‘பிணையில் வெளிவந்தார்’ என்று வேறுபடுத்தி எழுதுவது பாதுகாப்பானது.

வெளிநாட்டுச் செய்திகளில் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவரை முறைப்படிச் ‘சார்ஜ்’ செய்வது காவல் துறையும் அரசு வழக்குத் தொடுப்புத் துறையும். நீதிமன்றம் பிறகுதான் வருகிறது. அங்கே அந்தச் சொல் வரும்போது ‘குற்றச்சாட்டு வனையப்பட்டது’ என்று நம் நடைமுறையை ஏற்றிச் சொல்வது பொருந்தாது. ‘முறைப்படிக் குற்றம் சாட்டப்பட்டது’ என்று பொதுப்படச் சொல்வதே சரி. அமெரிக்கச் செய்தியில் ‘தி ஜட்ஜ் சார்ஜ்டு தி ஜூரி’ என்று வந்தால் நீதிபதி ஜூரிகளைக் குற்றம் சாட்டவில்லை. வழக்குக்குரிய சட்டத்தை அவர்களுக்கு எடுத்துரைத்து, எதைத் தீர்மானிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார் என்று பொருள். கடமையைத் தலையில் ஏற்றுவது என்னும் பழைய பொருளின் மிச்சம் அது.

குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் ஒருபொருட் சொற்களை நான் அதிகாரத்தின் அளவை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன். ‘அக்யூஸ்’ என்பதை யாரும் யாரைப் பற்றியும் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரரையும் அக்யூஸ் செய்யலாம். ‘அலிஜ்’ என்றால் இன்னும் மெய்ப்பிக்கப்படாத கூற்று என்ற எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. ‘கூறப்படுகிறது’ என்பதைத் தமிழில் விட்டுவிடக் கூடாது, விட்டால் கூற்று உண்மையாகிவிடும். ‘சார்ஜ்’ என்பதற்கு அதிகாரம் படைத்த அமைப்பு ஒன்று பின்னால் இருக்க வேண்டும். ‘இண்டைட்’ அமெரிக்காவில் பெரும்பாலும் கிராண்ட் ஜூரியின் வேலை; வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்த்து முறைப்படிக் குற்றம் சாட்டும் குடிமக்கள் குழு அது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: அக்யூஸுக்குப் பின் ‘ஆஃப்’, சார்ஜுக்குப் பின் ‘வித்’. மாற்றி எழுதுவது நம்மவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது.

அரசு அலுவலக ஆவணங்களில் வரும் சார்ஜ் மெமோ குற்றவியல் வழக்கல்ல. தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(அ) பிரிவு சிறு தண்டனைகளுக்கும் 17(ஆ) பிரிவு பெருந்தண்டனைகளுக்கும் உரியது. அலுவலகப் பேச்சில் இவைதாம் ‘செவன்டீன் ஏ’, ‘செவன்டீன் பி’. இவற்றின் கீழ் வருவதைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று எழுத வேண்டும். குற்றப்பத்திரிகை என்று எழுதினால் படிப்பவர் காவல் துறை வழக்கு என்று எண்ணிக்கொள்வார். அதே கோப்பின் அடுத்த தாளிலேயே ‘ஹாண்டடு ஓவர் சார்ஜ்’ என்று வரும். அது பொறுப்பு ஒப்படைப்பு. ஒப்படைத்தவரும் ஏற்றவரும் ஒரே தாளில் கையொப்பமிட்டு, முற்பகலா பிற்பகலா என்பதையும் குறிப்பிடும் அந்தச் சான்றில் சார்ஜ் என்பது முழுக்க மரியாதையான சொல். ஒரே ஊழியரைப் பற்றிய ஒரே கோப்பில் இரண்டும் இருக்கும்போது, தேடி மாற்றும் கணினி வசதியைப் பயன்படுத்தி ஒரே அடியாகத் தமிழ்ச்சொல்லைப் போட்டுவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பொறுப்பு என்னும் பொருளிலேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பாளர். நடுவில் ஒரு ‘தி’ சேர்ந்து ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றாகிவிட்டால் பொறுப்பில் விடப்பட்டவர். செவிலியர் குழந்தைக்குப் பொறுப்பு என்பது முன்னது. குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது என்பது பின்னது. ஒரு சிறு சொல் ஆளைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. பழைய ஆங்கிலப் புதினங்களில் ஆசிரியையும் ‘அவளுடைய சார்ஜும்’ பூங்காவில் நடந்தார்கள் என்று வந்தால், அந்தச் சார்ஜ் அவள் வளர்க்கும் குழந்தைதான். ‘சார்ஜ் நர்ஸ்’ என்பவர் நம் மருத்துவமனைகளில் இன்சார்ஜ் சிஸ்டர் எனப்படுபவர். கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளும் செவிலியர் அல்லர்.

மருத்துவமனை என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவின் மகனுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒருநாள் காலையில் மருத்துவக் குறிப்புத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுவந்து காட்டினார். “தம்பி, இதுல நோ டிஸ்சார்ஜ்னு போட்டிருக்காவளே, இன்னைக்கு வீட்டுக்கு விடமாட்டாவளா? அடுத்தாப்புல ஃபிட் ஃபார் டிஸ்சார்ஜ்னும் இருக்கு, எதைத்தான் நம்புறது?” என்றார். புண் சுத்தமாக இருக்கிறது, நீரோ சீழோ வடியவில்லை என்பது முதல் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு அனுப்பலாம் என்பது இரண்டாவது. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இரண்டு பொருள். அதை எழுதிய மருத்துவருக்கு அதில் எந்தக் குழப்பமும் தோன்றியிருக்காது. ஏற்றியதை இறக்குவதே டிஸ்சார்ஜ் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் விளங்கிவிடும்: உடல் தன்னுள் இருந்ததை வெளியே தள்ளுகிறது, மருத்துவமனை தன்னிடம் இருந்தவரை வெளியே அனுப்புகிறது.

இந்த இறக்குதல் இன்னும் பல இடங்களுக்குப் போகிறது. கடனை டிஸ்சார்ஜ் செய்தல் என்றால் தீர்த்தல். கடமையை டிஸ்சார்ஜ் செய்தல் என்றால் கைவிடுதல் அன்று, நிறைவேற்றுதல். தலையிலிருந்து சுமை இறங்குவது உண்மைதான், ஆனால் அதைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு இறங்குகிறது. இராணுவத்திலிருந்து டிஸ்சார்ஜ் என்றால் பணி விடுவிப்பு. மேட்டூர் அணையில் டிஸ்சார்ஜ் என்றால் விநாடிக்கு இத்தனை கன அடி நீர் திறப்பு. துப்பாக்கி டிஸ்சார்ஜ் ஆனால் குண்டு வெளியேறிவிட்டது. ஏற்றுவதற்கு ஒரு சொல் இருந்தால் இறக்குவதற்கும் அதே சூழலில் என்ன சொல் என்று பார்ப்பது நல்ல பயிற்சி. நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சியும் அதுதான்.

‘ரீசார்ஜ்’ கைப்பேசிக்கு வரும்போது தமிழில் அப்படியே கிடக்கட்டும். நிலத்தடி நீருக்கு வரும்போது செறிவூட்டல். ‘ஓவர்சார்ஜ்’ என்பது கூடுதல் கட்டணம் வசூலித்தல். ‘சர்சார்ஜ்’ வருமான வரியில் வந்தால் வரியின் மேல் கூடுதல் வரி. ஆனால் கூட்டுறவுத் துறையில் அதே சொல் முற்றிலும் வேறு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவின்கீழ், சங்கத்துக்கு இழப்பு ஏற்படுத்தியவரிடமிருந்து அதை வசூலிக்கும் நடவடிக்கை அது. துறையினர் அதைத் தண்டத்தீர்வை என்பார்கள். துறை சார்ந்த ஆவணம் கைக்கு வந்தால் அகராதியைத் திறப்பதற்கு முன் அந்தத் துறையில் வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டுவிடுவது என் வழக்கம். சில இடங்களில் அவர்கள் சொல்லும் சொல் எந்த அகராதியிலும் இருப்பதில்லை.

பணம் பற்றிய சொற்களில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் அதிகச் சறுக்கல். நமக்கு எல்லாமே கட்டணம். ஆங்கிலத்தில் பயணத்துக்கு ‘ஃபேர்’, பள்ளிக்கும் மருத்துவருக்கும் வழக்குரைஞருக்கும் ‘ஃபீ’, சாலைச் சுங்கத்துக்கு ‘டோல்’, விலைப்பட்டியலுக்கு ‘டாரிஃப்’, பொருளுக்குப் ‘பிரைஸ்’. சார்ஜ் என்பது செய்து கொடுத்த சேவைக்கு அல்லது வழக்கமான தொகைக்கு மேல் வந்து ஏறும் தொகைக்கு. ‘பஸ் சார்ஜ்’ என்று நாம் பேசுவதை நாட்டில் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள், பேச்சில் அதை மாற்ற வேண்டியதில்லை. விண்ணப்பத்திலும் கடிதத்திலும் எழுதும்போது ‘ஃபேர்’ என்று எழுதினால் போதும். மின் கட்டண ரசீதில் வரும் ‘எனர்ஜி சார்ஜ்’ என்பதை மின்னூட்டம் என்று பெயர்த்தவர்களும் உண்டு. மின்சாரத்தைப் பற்றிய தாளில் சார்ஜ் என்றால் மின்னூட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது பயன்படுத்திய யூனிட்டுகளுக்கான பணம்.

உண்மையான மின்னூட்டத்துக்குத் தமிழிலேயே இரண்டு மரபுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் ஏற்றம் என்றும், அதை நேரேற்றம், மறையேற்றம் என்றும் பிரிக்கின்றன. சுருக்கத்தில் இலங்கை வழக்கு எனக்கு மேலாகத் தோன்றுகிறது. ஆனால் தேர்வு எழுதப்போகும் மாணவருக்கான பாடமென்றால் என் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. அவர் எந்த நாட்டு மாணவர் என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தாக்குதல் என்னும் பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுதத்தில் மருந்தேற்றி ஆயத்தமாவதிலிருந்து பாய்ச்சலுக்குப் பொருள் நகர்ந்திருக்கலாம் என்பார்கள். லத்தி சார்ஜில் ஆங்கிலம் கும்பலை நோக்கிய பாய்ச்சலைச் சொல்கிறது, தமிழின் தடியடி விழும் அடியைச் சொல்கிறது. ‘லேசான தடியடி’ என்று செய்தியில் வரும்போது யாருக்கு லேசு என்று கேட்கத் தோன்றும். கிரிக்கெட்டில் சுழற்பந்துக்கு எதிராக பேட்ஸ்மேன் சார்ஜ் செய்தார் என்றால் ‘இறங்கி வந்து அடித்தார்’ என்பதே நம் வர்ணனையாளர்களின் தமிழ், அதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு கிடைக்காது. ‘சார்ஜர்’ பழைய ஆங்கில நூல்களில் போர்க்குதிரை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் திருமுழுக்கு யோவானின் தலை ஒரு ‘சார்ஜரில்’ கொண்டுவரப்படுகிறது, அங்கே அது பெரிய தட்டு. விடுதிகளில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைக்கும் பெரிய தட்டுக்கு அந்தப் பெயர் இன்றும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் நான் இன்றுவரை நின்று யோசித்து எழுதுவது சொத்தின் மீதான சார்ஜ். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இதை அடமானத்திலிருந்து வேறுபடுத்துகிறது: அடமானத்தில் சொத்தில் உள்ள உரிமையின் ஒரு பங்கு கைமாறுகிறது, சார்ஜில் உரிமை எதுவும் கைமாறுவதில்லை, இன்ன தொகைக்கு இந்தச் சொத்து ஈடாக நிற்கும் என்ற பிணைப்பு மட்டும் ஏற்படுகிறது. மனைவிக்கு மாதந்தோறும் தர வேண்டிய ஜீவனாம்சத்துக்காகக் கணவரின் வீட்டின் மீது நீதிமன்றம் சார்ஜ் உண்டாக்கினால், அதை ‘அடமானம்’ என்று எழுதுவது பிழை, ‘பொறுப்பு’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ஆகவே ‘மேற்படி ஜீவனாம்சத் தொகைக்கு மேற்படி வீடு பொறுப்பாக்கப்பட்டுள்ளது, தொகை செலுத்தப்படாத நிலையில் நீதிமன்றத்தின் வழியாக அந்த வீட்டிலிருந்து அதை வசூலிக்கலாம்’ என்று இரண்டு தொடராக விரித்து எழுதுகிறேன். மூலத்தில் ஒரு சொல்தானே இருக்கிறது, பக்கக் கணக்கைக் கூட்டுகிறீர்களா என்று சில வழக்குரைஞர்கள் கேட்பதுண்டு. அந்த இரண்டாவது தொடருக்கு மட்டும் நான் சார்ஜ் வாங்குவதில்லை.